சென்னையில் திட்ட அனுமதி வளர்ந்த வரலாறு

சென்னையில் எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று அரசு இழுத்த மிகப் பழைய கோடுகளில் ஒன்றின் அடையாளம் பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக உள்ள அந்தத் தூணில் 1773 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்போது நடப்பட்டவை ஆறு தூண்கள். மிஞ்சியது இது ஒன்றுதான். அந்தத் தூண்களுக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் இடைப்பட்ட வெளியில் யாரும் எதையும் கட்டக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆணையிட்டது. அதற்குக் காரணம் போர். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து மூன்று ஆண்டுகள் கையில் வைத்திருந்தனர். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைச் சுவரை ஒட்டி வடக்கே நெருக்கமாக எழும்பியிருந்த பழைய கறுப்பர் நகரத்து வீடுகள் எதிரிக்கு மறைவிடம் ஆகும் என்பதால் அந்தக் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. மக்கள் இன்னும் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் நகர்ந்தனர். அந்தப் பகுதி புதிய கறுப்பர் நகரமாகி, பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் பெற்றது. காலி செய்யப்பட்ட வெளியில் 1892ல் உயர் நீதிமன்றம் எழுந்தது.

அந்த ஆணையில் விண்ணப்பத்துக்கோ பரிசீலனைக்கோ முறையீட்டுக்கோ இடமிருக்கவில்லை. பீரங்கிக் குண்டு போகும் வழி மறிக்கப்படக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணமும் அதில் இல்லை. வீட்டுக்காரர் ஒருவர் வரைபடத்தோடு அலுவலகத்துக்கு வந்து நின்று, அதிகாரி அதைப் பார்த்து ஒப்புதல் தருகிற முறை உருவாக இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த முறை சுகாதாரத்தின் பெயரால் வந்தது. காலராவும் பிளேக்கும் பயமுறுத்திய காலத்தில், காற்றும் வெளிச்சமும் சாக்கடையும் இல்லாத வீடுகள் ஊருக்கே ஆபத்து என்ற எண்ணம் வலுத்தது. 1884, 1904, 1919 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த சென்னை மாநகராட்சிச் சட்டங்கள் தெரு ஒழுங்கு, கழிவுநீர், காற்றோட்டம் ஆகியவற்றை மாநகராட்சியின் கையில் வைத்தன. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டடம் கட்டுகிறவர் மனையின் படத்தையும் கட்டடத்தின் படத்தையும் கொடுத்து ஆணையரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ‘பிளான் பாஸ் ஆயிற்றா?’ என்று வீடு கட்டுகிறவரை உறவினர் கேட்கும் வழக்கம் இந்தக் காலத்து மரபின் தொடர்ச்சி.

ஆனால் மாநகராட்சி பார்த்தது ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகத்தான். ஒரு பகுதி முழுவதும் எப்படி அமைய வேண்டும், பள்ளி எங்கே, பூங்கா எங்கே, தொழிற்சாலை எவ்வளவு தள்ளி என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை. அந்தக் கேள்விகளைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். அவரை அழைத்தவர் அப்போதைய ஆளுநர் பென்ட்லண்ட். நகரமைப்பு பற்றிய கண்காட்சி ஒன்றை ஐரோப்பிய நகரங்களில் நடத்திப் புகழ்பெற்றிருந்த கெடிஸ், அதை 1914ல் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார். படங்களையும் வரைபடங்களையும் சுமந்து வந்த கிளான் கிராண்ட் என்ற கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் வழியில் மூழ்கடித்துவிட்டது. அதே எம்டன் அந்த ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதும், ஊரே கதிகலங்கியதும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த செய்தி. கண்காட்சிப் பொருள்களையும் எம்டன் கொண்டுபோனது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நண்பர்களின் உதவியோடு புதிதாகப் படங்கள் திரட்டி, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கெடிஸ் கண்காட்சியை நடத்தியே காட்டினார். அதன் பிறகு மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை ஒரேயடியாக இடித்து நேராக்குவதை அவர் எதிர்த்தார். மிகக் குறைவாக இடித்து, தேவையான இடத்தில் மட்டும் திறந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. கோயில் குளங்களைத் தூர்க்காமல் துப்புரவாக்கிக் காக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

கெடிஸுக்குப் பின் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அரசுக்கு ஆலோசகராக இருந்து, சென்னையின் நகரமைப்பு பற்றி 1918ல் ஒரு நூல் வெளியிட்டார். இந்த உரையாடல்களின் பலன் 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம். பம்பாய் மாகாணம் 1915ல் இயற்றிய சட்டத்தை அடுத்து வந்தது இது. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்று ஒரு நகரமைப்புத் திட்டம் தயாரித்து, அந்தத் திட்டத்துக்கு ஒத்துவரும் கட்டடத்துக்கு மட்டும் ஒப்புதல் தருவது அதன் அடிப்படை. வீட்டுக்கு வீடு பார்த்து வந்த பரிசீலனை, தெருவையும் பேட்டையையும் பார்க்கத் தொடங்கியது இங்கேதான்.

இந்தச் சட்டத்தின் முதல் பெரிய விளைச்சல் தியாகராய நகர். நுங்கம்பாக்கம் தொட்டுச் சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பழைய மாம்பலம் ஏரி 1923 முதல் வடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் மனைகள் பிரிக்கப்பட்டன. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து கிளை விரிக்கும் சாலைகள், வகைவகையான அளவில் மனைகள் என்று காகிதத்தில் அழகாக வரையப்பட்டு, பெரும்பாலும் அப்படியே நிலத்திலும் அமைந்த பகுதி அது. நீதிக் கட்சித் தலைவர்களின் பெயர்கள் தெருக்களுக்குச் சூட்டப்பட்டன: பிட்டி தியாகராயர், பனகல் அரசர், உஸ்மான், நடேசன், சௌந்தரபாண்டியன். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவும் அங்கே தண்ணீர் இருந்ததை இப்போதும் சொல்கின்றன. சென்னையின் முதல் முறையான திட்டமிடல் ஓர் ஏரியைக் காலி செய்து தொடங்கியது என்பதை இந்த வரலாற்றைப் படிக்கிறவர் மறந்துவிடக் கூடாது. மாகாணச் சட்டம் ஏரியை வெறும் நிலமாகப் பார்த்த அந்தப் பார்வை, பின்னால் வந்த அரசுகள் எல்லாவற்றிலும் நீடித்தது.

விடுதலைக்குப் பிறகு சென்னை வேகமாகப் பெருத்தது. 1959ல் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டபோது, அதை அண்ணாந்து பார்ப்பதற்காகவே வெளியூர்க்காரர்கள் வந்தனர். 1961ல் வீட்டு வசதி வாரியம் அமைந்தது. இதற்கெல்லாம் 1920ஆம் ஆண்டுச் சட்டம் போதவில்லை. திட்டம் போட்ட பகுதிக்குள் மட்டுமே அதற்கு அதிகாரம் இருந்தது. ஒரு திட்டம் அரசின் ஒப்புதல் பெற்று வருவதற்குள் அந்த இடத்தில் வீடுகள் முளைத்துவிட்டன. நகரத்தின் எல்லைக்கு வெளியே தொழிற்பேட்டைகளும் குடியிருப்புகளும் பரவியபோது, அவற்றையும் சேர்த்துப் பார்க்க ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

அந்தத் தேவையில் பிறந்ததுதான் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். 1972 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் முதலில் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1974ல் சட்டத் திருத்தத்தின் மூலம் நிலையான அமைப்பாயிற்று. எம்.எம்.டி.ஏ. என்று பல ஆண்டுகள் அழைக்கப்பட்டு, 1996ல் மதராஸ் சென்னையான பின் சி.எம்.டி.ஏ. ஆனது இதுதான். அரும்பாக்கத்தில் அது உருவாக்கிய குடியிருப்பு இன்றும் பழைய பெயரிலேயே எம்.எம்.டி.ஏ. காலனி. குழுமத்தின் அலுவலகம் எழும்பூர் காந்தி இர்வின் சாலையில், முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்நீத்த தாளமுத்து, நடராசன் பெயரிலான மாளிகையில் இயங்குகிறது. சென்னை மாநகரோடு சுற்றியிருந்த நகராட்சிகள், பேரூராட்சிகள், 214 ஊராட்சிகள் ஆகியவற்றைச் சேர்த்து 1,189 சதுர கிலோமீட்டர் அதன் ஆளுகைக்குள் வந்தது. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளை நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி., பார்த்துக்கொண்டது. மனை விளம்பரங்களில் ‘சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு’, ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ என்று வரும் வேறுபாடு இந்த எல்லைப் பிரிவினால் வந்தது.

முதல் முழுமைத் திட்டம் 1975 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஜூலையில், எல்.ஐ.சி. கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. உயரமான கட்டடம் என்றால் என்ன ஆபத்து என்பதைச் சென்னை கண்ணால் கண்ட சமயம் அது. முழுமைத் திட்டம் பெருநகரின் ஒவ்வொரு சர்வே எண்ணையும் ஏதாவது ஒரு பயன்பாட்டுக்குள் வைத்தது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், மூன்று வகைத் தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை, நகரமல்லாத பகுதி. அத்துடன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. சாலை எவ்வளவு அகலமோ அதற்கேற்ற உயரம், கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய பக்கவெளி, வாகனம் நிறுத்த இடம், மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீடு எல்லாம் அவற்றில் அடங்கின. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், குறியீடு 1.5 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 3,600 சதுர அடி கட்டலாம். இந்த ஒரு எண்ணை உயர்த்துவதும் தாழ்த்துவதும் நகரத்தின் நில விலையையே அசைக்கும் என்பதால், அடுத்த அரை நூற்றாண்டு இழுபறிகளில் பெரும்பகுதி இந்த எண்ணைச் சுற்றியே நடந்தது.

இந்தச் சட்டத்தால் சென்னையில் கட்டுகிறவருக்கு இரண்டு அனுமதிகள் தேவையாயின. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி குழுமம் தருவது திட்ட அனுமதி. உள்ளாட்சிச் சட்டத்தின்படி மாநகராட்சியோ ஊராட்சியோ தருவது கட்டட அனுமதி. சிறு வீடுகளுக்குத் திட்ட அனுமதி தரும் அதிகாரத்தையும் குழுமம் உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்தது; பெரிய குடியிருப்புகள், கடைவளாகங்கள், மனைப்பிரிவுகள் ஆகியவை எழும்பூருக்கு வந்தாக வேண்டும். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்பட நகல், உரிமம் பெற்ற சர்வேயரோ கட்டடக் கலைஞரோ கையெழுத்திட்ட வரைபடம் ஆகியவை விண்ணப்பத்தோடு போகும். கோப்பு முதலில் நிலப் பயன்பாட்டைப் பார்க்கும் மேசைக்குப் போகும். குடியிருப்புப் பகுதியில் தொழிற்கூடம் கேட்டிருந்தால் அங்கேயே நிற்கும். பிறகு இடத்தைப் பார்வையிட அலுவலர் போவார். மனையின் அளவும் சாலையின் அகலமும் படத்தோடு பொருந்துகின்றனவா என்று அளந்து பார்ப்பார். அதன்பின் மேம்பாட்டுக் கட்டணம், உள்கட்டமைப்புக் கட்டணம், காப்புத் தொகை என்று பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். பணம் கட்டிய பிறகே முத்திரையிட்ட படம் கைக்கு வரும்.

அடுக்குமாடிகளுக்கு இன்னொரு படி இருந்தது. நான்கு மாடிக்கு மேல் அல்லது சுமார் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்கள் ஒரு சிறப்புக் குழுவின் முன் வைக்கப்பட்டன. தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், குடிநீர் வாரியம், மின்வாரியம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அதில் உட்கார்ந்தனர். விமான நிலையத்துக்கும் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் அருகே உள்ள மனை என்றால், அங்கிருந்தும் தடையின்மைச் சான்று வர வேண்டும். இத்தனை பேரின் கையெழுத்தும் சேர மாதங்கள் ஆகும். சில கோப்புகள் ஆண்டுக்கணக்கிலும் கிடந்தன. நிலத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் காலதாமதம் தண்டனையாயிற்று. அனுமதி வரும் முன்பே கட்டத் தொடங்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

மறுக்கப்பட்டவர் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 79ஆம் பிரிவு வழி வைத்தது. அதைவிட அகலமான வழி 113ஆம் பிரிவில் இருந்தது. எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. உண்மையான இடர்ப்பாட்டுக்காக வைத்த வழியாக அதைக் கொள்ளலாம். மனை கோணலாக இருக்கலாம், மருத்துவமனைக்குக் கூடுதல் தளம் தேவைப்படலாம். ஆனால் 1980களின் பிற்பகுதியில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் வரிசையாக இதன்வழி விலக்கு பெற்றன. விட வேண்டிய பக்கவெளி விடப்படவில்லை, அனுமதித்த பரப்பைவிடக் கூடுதலாகக் கட்டப்பட்டது. பிறகு அரசாணை வந்து அதைச் சரியாக்கியது. இதை எதிர்த்துச் சென்னையைச் சேர்ந்த கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் என்ற நுகர்வோர் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 1987க்கும் 1990க்கும் இடையில் வந்த 62 விலக்கு ஆணைகள் வழக்கில் அடங்கின. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 113ஆம் பிரிவு செல்லும் என்றது; அந்தப் பிரிவைப் பயன்படுத்திய விதத்தில், காரணம் கூறாமலும் சட்டத்தின் நோக்கத்தை எண்ணிப் பார்க்காமலும் ஆணைகள் தரப்பட்டதைக் கடுமையாகக் குறை கண்டது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு இன்னொரு பிரிவைச் சேர்த்திருந்தது. 1998ல் வந்த 113-அ பிரிவின்படி, 1999 பிப்ரவரி 28 வரை விதிமீறிக் கட்டப்பட்டவை கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம். இது ஒரு தடவை மட்டும் தரும் சலுகை என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் கடைசித் தேதி 2000, 2001, 2002 என்று ஆண்டுதோறும் தள்ளிப்போடப்பட்டது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006ல் ரத்து செய்தது. பின்னர் நீதிபதி மோகன் தலைமையில் 2007ல் ஒரு குழு, அதன்பின் 2007 ஜூலைக்கு முந்தைய கட்டடங்களுக்காக 113-இ என்று இன்னொரு பிரிவு என்று மன்னிப்பு வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு மன்னிப்பும் விதிப்படி கட்டியவருக்கு இழைத்த அநீதி. பக்கத்து மனைக்காரர் மீறிக் கட்டி, பத்து ஆண்டு வாடகை வாங்கி, கடைசியில் கட்டணம் செலுத்தித் தப்பித்துக்கொண்டதைப் பார்த்தவர் அடுத்த முறை ஏன் விதியை மதிக்கப் போகிறார்? சென்னையின் திட்ட அனுமதி முறை பலவீனப்பட்டதற்கு அதிகாரிகள் பற்றாக்குறையையும் ஊழலையும் பலர் காரணம் சொல்வார்கள், அவை உண்மைதான். ஆயினும் முதல் காரணம் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்ட இந்த மன்னிப்புத்தான்.

இதன் விளைவு கண்முன் தெரிந்த இடம், திட்டமிட்டே உருவான தியாகராய நகர். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் வீடுகள் இருந்த மனைகளில் பல மாடிக் கடைகள் எழுந்தன. தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டிய பக்கவெளி கடையின் பகுதியாயிற்று. வண்டி நிறுத்துமிடம் கிடங்காயிற்று. 2017 மே 31 அதிகாலை தெற்கு உஸ்மான் சாலையில் பெரிய ஜவுளிக் கடை ஒன்று தீப்பிடித்து, மறுநாளும் அணையாமல் எரிந்தது. கட்டடத்தின் பகுதிகள் சரிந்து விழுந்தன. பிறகு முழுவதுமாக இடிக்கப்பட்டது. கடை திறக்கும் நேரத்தில் தீ பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தெருவில் பண்டிகைக் காலத்தில் நடந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கட்டடங்களின் கதை இப்படி என்றால், மனைப்பிரிவின் கதை இன்னும் பரவலானது. அது ஏழைகளையும் நடுத்தரத்தினரையும் நேரடியாகத் தொட்டது. பெரிய நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர் சாலைகளுக்கு இடம் விட வேண்டும். 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பணம் கட்டித் தப்ப முடியாது. நிலத்தையே தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அலுவலக வழக்கில் சொல்லப்படுவது இதுதான். நகரத்தின் ஓரங்களில் பிள்ளைகள் விளையாட மிஞ்சியிருக்கும் இடங்களில் பல இந்த விதியால் கிடைத்தவை. ஆனால் இந்த விதியைத் தவிர்ப்பதற்காகவே ஆயிரக்கணக்கான ஏக்கர் அனுமதி பெறாமல் மனைகளாயின. ஊராட்சித் தலைவரின் முத்திரையை வைத்து ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று விற்றனர். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர ஊராட்சிக்குத் தனி அதிகாரம் இல்லை என்பது வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. சீட்டுப் பணத்திலும் நகை விற்ற பணத்திலும் வாங்கிய மனைக்குச் சாலையும் இல்லை, வடிகாலும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. வேளாண் நிலம் கேட்பாரற்று மனையாவதைத் தடுப்பது அதன் நோக்கம். மாநிலம் முழுவதும் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு ஒரு மனையை விற்க எண்ணியிருந்தவர்கள் தவித்தனர். அரசு 2017ல் வரன்முறை விதிகள் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணத்தின் பேரில் அனுமதி தந்தது. இங்கே மன்னிப்பைக் குறை சொல்ல முடியாது. ஏமாந்தவர்களைத் தண்டிப்பதில் நியாயம் இல்லை. பிரித்து விற்றவர்களில் பலர் திறந்தவெளிக்கான நிலத்தின் விலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டனர் என்பதுதான் வேதனை.

அனுமதி முறை கடைசியாகக் கற்றுக்கொண்ட பாடம் தண்ணீர். முதல் முழுமைத் திட்டத்திலிருந்தே நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 2008 செப்டம்பரில் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் தென்கடற்கரையின் நிலத்தடி நீர்ப் பகுதியையும் தனியாகக் குறித்தது. 2003ல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் அது இல்லாமல் அனுமதி இல்லை என்ற நிலை வந்தது. தமிழ்நாடு செய்த நல்ல காரியங்களில் இது முன்வரிசையில் நிற்கும். இருந்தும், நீரைக் காக்க வேண்டிய அரசே ஏரிகளில் வீடு கட்டியது. முகப்பேரின் ஒரு பகுதி இன்றும் ஏரித் திட்டம் என்றே முகவரியில் எழுதப்படுகிறது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டப்பட்டது. அதன் ஓரங்களில் சாலைகளும் அலுவலகங்களும் நெருங்கின. 2022ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது இடம்பெற்றபோது, பழைய சதுப்பின் சிறு பகுதிதான் மிஞ்சியிருந்தது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளம் வந்தபோது வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீர் தன் பழைய இடத்துக்கே போய் நின்றது. அங்கே முத்திரை பெற்ற வரைபடத்தோடு கட்டியவர்களும் மூழ்கினர். இப்போது ஏரி, ஓடை அருகே உள்ள மனைகளுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படுகிறது.

முத்திரை என்னவெல்லாம் பார்ப்பதில்லை என்பதை 2014 ஜூன் 28 காட்டியது. மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்த மாலையில் சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தனர். பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர்கள், பிழைப்புக்காக ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பலர். திட்ட அனுமதி பெற்ற கட்டடம் அது. பயன்பாடு, உயரம், பக்கவெளி, பரப்பு ஆகியவற்றை அனுமதி பார்த்தது. மண்ணின் தாங்குதிறனும் தூணின் உறுதியும் வடிவமைப்புப் பொறியாளரின் பொறுப்பு என்று விடப்பட்டிருந்தன. அருகிலிருந்த இன்னொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. சென்னைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று கிடந்த விதிகளை அது ஒன்றாக்கியது. கட்டடக் கலைஞர், வடிவமைப்புப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் ஆகியோர் பதிவு பெற்றிருக்க வேண்டும்; பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் இல்லை. சிறு குடியிருப்புகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இதில் விலக்கு. உயர்ந்த கட்டடம் என்பதன் எல்லை 18.30 மீட்டராயிற்று, தளப்பரப்புக் குறியீடு சாதாரணக் கட்டடங்களுக்கு 2 ஆகவும், அகலமான சாலையில் உயர்ந்த கட்டடங்களுக்கு 3.25 ஆகவும் உயர்ந்தது. கட்டி முடித்த பிறகு வந்து பார்க்கும் அதிகாரத்தை இணைப்புகளோடு பிணைத்ததுதான் இந்த விதிகளின் மிகப் பெரிய ஆதாயம். அதற்கு முன் வரைபடத்தில் நல்லபடி காட்டி, தரையில் வேறு மாதிரி கட்டியவரைத் தடுக்க இத்தனை எளிய கருவி இருந்ததில்லை.

அடுத்து வந்த மாற்றம் வேகம். ஒற்றைச் சாளர இணையதளத்தின் வழியே விண்ணப்பமும் மற்றத் துறைகளின் சான்றுகளும் ஒரே இடத்துக்கு வந்தன. 2024 ஜூலையில் சுயசான்று முறை தொடங்கியது: 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர், விதிப்படி கட்டுவதாகத் தானே சான்றளித்து, கட்டணம் செலுத்தி, உடனே அனுமதியைப் பெறலாம். முன்கூட்டிய ஆய்வு கிடையாது. ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டும் குடும்பத்துக்கு அலுவலக வாசலில் காத்திருக்கும் துன்பம் இதனால் தீர்ந்தது. அலுவலர்களின் நேரம் பெரிய கட்டடங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதே இதன் நியாயம். மிஞ்சிய நேரம் அங்கே செலவாகிறதா என்பதைத்தான் கவனித்து வர வேண்டும்.

இதற்கிடையே பெருநகரின் எல்லையே மாறிவிட்டது. 2011ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2022 அக்டோபரில் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் நெல்வயல்களும் ஏரிகளும், ராணிப்பேட்டை மாவட்டத்தின் சில ஊர்களும் இப்போது குழுமத்தின் வரைபடத்துக்குள் வந்திருக்கின்றன. இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஐ இலக்காகக் கொண்டது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான வேலை நடக்கிறது. எந்த ஏரியைச் சுற்றி எவ்வளவு தூரம் கட்டக் கூடாது, எந்த வயல் வயலாகவே இருக்கும், எந்தச் சாலையில் எத்தனை மாடி என்பதெல்லாம் அதில் எழுதப்படும். எழுதப்பட்ட பின் விலக்கு கேட்பவருக்கு 113ஆம் பிரிவு சட்டத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட பிரிவு சாதாரணக் குடிமகனுக்கு உதவியது மிகக் குறைவு. அவருக்குச் சட்டம் தந்திருக்கும் வாய்ப்பு வேறு: வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லக் கால அவகாசம் உண்டு, ஒரு சர்வே எண்ணின் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பம் வந்தால் நாளிதழில் அறிவிப்பும் உண்டு. இந்த உரிமை நில வணிகர்களுக்கு மட்டும் உரியதன்று. மூன்றாவது வரைவு வரும்போது, தம் ஊரின் ஏரி எந்த நிறத்தில் காட்டப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் படத்தை விரித்துப் பார்த்து, தவறு இருந்தால் எழுத்தில் கொடுக்க வேண்டும்.